முப்பத்தேழு லட்டு

நாற்பத்தாறாம் வருஷம் தை மாதத்தில் பம்பாயில் சுபகாரியம் வைத்துக்கொண்டவர்களுக்கு ஜாதகத்தைவிடச் சர்க்கரைதான் பெரிய தலைவலி. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் வேறு ஜோசியரிடம் போகலாம். சர்க்கரைக்கு எங்கே போவது? சண்டை முடிந்துவிட்டது என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போட்டு மாதக்கணக்காகியும் ரேஷன் கடை வரிசை மட்டும் முடியவில்லை.

என் நாத்தனார் ஷ்யாமளாவுக்கு நிச்சயதார்த்தம். மாதுங்காவில் எங்கள் வீட்டில்தான். மாமியார் காலமான பிறகு அந்த வீட்டு அடுப்படி என் தலையில் விழுந்திருந்தது. என் வீட்டுக்காரரை நாக்பூருக்கு மாற்றியிருந்தார்கள். தங்கை நிச்சயதார்த்தத்துக்குக்கூட லீவு கிடைக்கவில்லை. ஆக வீட்டில் இருந்தது நான், ஷ்யாமளா, மாமனார் மகாதேவன். மாமனார் ரயில்வே ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். எதற்கும் முதலில் பயப்பட்டுவிட்டு அப்புறம்தான் என்ன விஷயம் என்று கேட்பார். நல்ல மனுஷர்.

பிள்ளை வீட்டார் செம்பூர். அவர்களும் என் புக்ககத்தைப் போலப் பாலக்காட்டுக்காரர்கள். நான் மாயவரம். அந்த ஊர்க் கோவில் அம்பாள் பெயர்தான் எனக்கும். அபயாம்பாள் என்று சொன்னாலே ஊர் தெரிந்துவிடும். மாயவரத்தில் நாங்கள் லட்டைச் சாப்பிடுவோம். பாலக்காட்டில் அதை முதலில் எண்ணுவார்கள்.

பிள்ளையின் அம்மா சுப்புலக்ஷ்மி அம்மாள் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்: "எங்காத்து வழக்கம், நிச்சயதார்த்தத்துக்கு ஐம்பத்தோரு லட்டு. ரேஷன் காலம்னு எங்களுக்கும் தெரியும். முடிஞ்சதைச் செய்யுங்கோ. ஆனா ஒற்றைப்படையா இருக்கணும்." முடிந்ததைச் செய்யுங்கள் என்று சொன்னது பெரிய மனதுதான். ஒற்றைப்படை என்பதில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சீர் பக்ஷணம் என்றால் இருபத்தொன்று, ஐம்பத்தொன்று, நூற்றொன்று. இரட்டைப்படையில் வைத்தால் இரண்டாகப் பிரிந்துவிடும். பிரிகிற எண் கல்யாணத்துக்கு ஆகாது.

எங்கள் கட்டிடத்தில் இருந்த அத்தனை குடித்தனமும் தங்கள் ரேஷன் சர்க்கரையில் ஆளுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்து கொடுத்தார்கள். சமையல்காரர் பஞ்சு, சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தார்.

"ஐம்பத்தொண்ணெல்லாம் நடக்காதாக்கும். எலுமிச்சம்பழ அளவுல பிடிச்சா நாப்பதுக்கு ரெண்டு மூணு குறையும், கேட்டேளா."

"அப்போ இருபத்தொண்ணு போறும். கௌரவமான எண்," என்றார் மாமனார்.

"சர்க்கரை கொடுத்தவா அத்தனை பேரும் வந்து நிப்பா. பாக்கிச் சர்க்கரை எங்கேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றேன்.

"முப்பத்தொண்ணு?"

"முப்பத்தேழு," என்று உள்ளறையிலிருந்து ஷ்யாமளா குரல் கொடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தேழா? அப்படி ஒரு எண்ணை யாரும் சீரில் வெச்சு நான் பார்த்ததில்லையே!" என்று மாமனார் பயப்பட ஆரம்பித்தார்.

ஷ்யாமளா எழுந்து வந்தாள். சுண்டலுக்கு ஊறப்போட எடுத்து வைத்திருந்த கொண்டைக்கடலையில் ஒரு பிடியை அள்ளித் தரையில் வைத்தாள். நடுவில் ஒன்று. அதைச் சுற்றி ஆறு. அதைச் சுற்றிப் பன்னிரண்டு. அதற்கு வெளியே பதினெட்டு. ஆறு முனையும் ஒரே மாதிரி, நடுவில் எங்கும் இடுக்கு இல்லாமல் அப்படியே உட்கார்ந்தது.

"இது இடுக்குப் புள்ளிக் கோலம்னா!" என்றேன். "நாலுல ஆரம்பிச்சு ஏழு வரைக்கும் போய், மறுபடி நாலுல முடியும். வாசல்ல எத்தனை தடவை போட்டிருக்கேன்!"

"அதேதான் மன்னி. இன்னொண்ணு பாருங்கோ." அதே கடலைகளை அங்கேயும் இங்கேயும் நகர்த்தினாள். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறு மூலை நட்சத்திரம் ஒன்று வந்துவிட்டது. "இதுவும் முப்பத்தேழுதான். அறுகோணமாவும் உக்காரும், நட்சத்திரமாவும் உக்காரும். எல்லா எண்ணுக்கும் இப்படி அமையாது."

"கோலத்தை விடு. ஒற்றைப்படைதானே?" என்றார் மாமனார்.

"ஒற்றைப்படை மட்டும் இல்லைப்பா. எதாலயும் வகுபடாது. உங்க ஐம்பத்தொண்ணு மூணால வகுபடும், மூணு பதினேழு. இருபத்தொண்ணு மூவேழு. பிரியக்கூடாதுங்கறதுதானே சாஸ்திரம்? முப்பத்தேழு பிரியவே பிரியாது."

மாமனார் வாய்க்குள்ளேயே இரண்டால், மூன்றால், ஐந்தால், ஏழால் எல்லாம் வகுத்துப் பார்த்தார். ரயில்வேயில் முப்பது வருஷம் கணக்குப் போட்ட வாய். கடைசியில் தலையை ஆட்டினார்.

ஷ்யாமளா கணக்கில் பி.ஏ. மாதுங்காவிலேயே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். இத்தனை நாள் கீழ் வகுப்புகளுக்குத்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெரிய வகுப்புக்கு ஒரு கிழவர் வந்துகொண்டிருந்தார். வருகிற ஜூனிலிருந்து மெட்ரிக் வகுப்பை அவளிடமே கொடுப்பதாகத் தலைமையாசிரியை சொல்லிவிட்டாள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஒரு காரணமும் சொல்லாமல், இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள். வயசு இருபத்துநாலு ஆகிவிட்டது. முன்னால் வந்த இரண்டு வரன்களும் வேலையை விடச் சொன்னார்கள். இவள் மாட்டேன் என்றாள். அவர்கள் போய்விட்டார்கள். மாமனார் இரண்டு தடவையும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

செம்பூர்ப் பிள்ளை சுந்தரராமனை மட்டும் அவள் ஒப்புக்கொண்டாள். ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. தாராவிக்குத் தாம்பாளம் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

தாராவியில் கணேசபாண்டியன் என்று ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். அண்டா, குண்டா, தவலை என்று விசேஷப் பாத்திரங்களை வாடகைக்கு விடுவார். ஷ்யாமளா கையில் ஒரு பை. கடைக்குள் நுழைந்ததும் ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தரையில் வைத்து, பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். முதல் தாம்பாளத்தில் பழங்கள் வெளியே உருண்டன. இரண்டாவதில் அங்குமிங்கும் ஓடின.

கணேசபாண்டியன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். "என்ன தாயி, பாத்திரம் எடுக்க வந்தீயளா, பழக்கடை போட வந்தீயளா?"

"வாய் இன்னும் கொஞ்சம் அகலமா ஒண்ணு கொடுங்கோ," என்றாள் அவள், தலையைத் தூக்காமலே.

மூன்றாவது சரியாக இருந்தது. ஆறு முனையும் விளிம்பைத் தொட்டுக்கொண்டு, நடுவில் அசையாமல் முப்பத்தேழு பழமும் நின்றன. ஓரத்தில் ஆறு பக்கமும் பிறை போலக் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அதில் பூ வைக்கலாம்.

"அச்சுல வார்த்த மாதிரில்லா இருக்கு!" என்றார் கணேசபாண்டியன். "இதுக்குத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கணுங்கது."

திரும்பி நடந்து வரும்போது தோல் கிடங்குகளின் வாடைக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் கேட்டேன்: "ஒரு லட்டுக்கு இத்தனை பாடா? முப்பத்தொண்ணு வெச்சா ஆகாதா?"

"பெண் பார்க்க வந்த அன்னிக்கு ஜன்னல்கிட்ட நின்னு நாங்க ரெண்டு பேரும் பேசினோமே, ஞாபகம் இருக்கா மன்னி?"

"அஞ்சு நிமிஷம் பேசினேள். நான்தான் காபியைக் கையில வெச்சிண்டு வாசற்படியிலயே நின்னேன்."

"ஸ்கூல்ல குழந்தைகள் தூங்கி வழிஞ்சா என்ன பண்ணுவேள்னு கேட்டார். முப்பத்தேழு வித்தை காட்டுவேன்னேன். நூத்தி எண்பத்தஞ்சு முப்பத்தேழால வகுபடும். அதுல முதல் இலக்கத்தை எடுத்துக் கடைசில போட்டா எண்ணூத்தி ஐம்பத்தொண்ணு. அதுவும் வகுபடும். இன்னொரு தடவை சுத்தினா ஐந்நூத்திப் பதினெட்டு. அதுவும் வகுபடும். முப்பத்தேழால வகுபடற எந்த மூணு இலக்க எண்ணையும் இப்படிச் சுத்தலாம். அங்கேயே நின்னு மனசுக்குள்ள போட்டுப் பார்த்துட்டு, சின்னக் குழந்தை மாதிரி சிரிச்சார். அப்புறம்தான் சொன்னார், 'கல்யாணத்துக்கப்புறமும் நீங்க ஸ்கூலுக்குப் போகணும். அம்மாகிட்ட நான் சொல்றேன்'னு."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். என் வீட்டுக்காரர் என்னிடம் சொன்ன எதற்கும் நான் அப்படி முகம் சிவந்ததில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பிள்ளை கொடுத்த வாக்கை மாமனாரிடமும் சொன்னேன்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் அடுப்படி வேலையெல்லாம் முடிந்து ஷ்யாமளாவும் நானும் தாம்பாளத்தில் லட்டு அடுக்கினோம். பஞ்சு கைக்காரர், எல்லாம் ஒரே அளவு. நடுவில் ஒன்று, ஆறு, பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டே வந்து, வெளிச்சுற்றின் கடைசி முனைக்கு வந்தபோது கையில் லட்டு இல்லை.

பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஷ்யாமளா மறுபடி எண்ணினாள். முப்பத்தாறு.

"பஞ்சு! முப்பத்தேழுன்னு சொல்லலையா உங்ககிட்ட?"

"முப்பத்தேழுதானே பிடிச்சேன்!" என்றார் பஞ்சு, கரண்டியோடு வந்து. "முதல் லட்டு பிள்ளையாருக்கு. விடியக்காலையிலேயே கோவில்ல கொண்டுபோய் வெச்சாச்சு. குருக்கள் பிட்டு எல்லாருக்கும் கொடுத்தும் ஆச்சு."

"பிள்ளையாருக்குத் தனியாப் பிடிக்கப்படாதா?"

"தனியாப் பிடிச்சா அது எப்படி முதல் லட்டாகும்? அவருக்கு எடுக்காம என் அடுப்புலேர்ந்து ஒரு பக்ஷணம் வெளில போனதில்லையாக்கும்!"

அவரைக் கோபித்து என்ன பிரயோஜனம்? எந்தச் சமையல்காரரும் இதைத்தான் செய்திருப்பார். எனக்கே முன்கூட்டித் தோன்றியிருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கிள்ளி இன்னொன்று பிடிக்கலாமா என்று கேட்டேன். பாகு இறுகிவிட்டது, தொட்டால் உதிரும் என்றார். பூந்தி ஒரு மணிகூட மிச்சமில்லை.

இதற்குள் மாமனாருக்குச் செய்தி எட்டிவிட்டது. பஞ்சகச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "முப்பத்தாறா! இரட்டைப்படை! அதுலயும் முப்பத்தாறு!" இந்த ஊரில் இரண்டு பேருக்கு ஆகவில்லை என்றால் முப்பத்தாறு என்பார்கள். ஹிந்தியில் எழுதினால் மூன்றும் ஆறும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். பம்பாயில் இத்தனை வருஷம் இருந்த சுப்புலக்ஷ்மி அம்மாளுக்கு இது தெரியாமல் இருக்குமா? "ஒண்ணை எடுத்துடு. முப்பத்தஞ்சு. ஒற்றைப்படை ஆயிடும்."

"அஞ்சேழு முப்பத்தஞ்சுப்பா. பிரியும். அதோட ரெண்டு பொத்தல் தெரியும்," என்றாள் ஷ்யாமளா. பேசிக்கொண்டே நடு லட்டை எடுத்து ஓரத்து முனையில் வைத்தாள். இப்போது வெளிச்சுற்று நிறைந்துவிட்டது. நடுவில் மட்டும் வட்டமாக ஒரு காலி இடம். ஓரத்தில் இருந்தபோது பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது, நடுவுக்கு வந்ததும் வேண்டுமென்றே விட்ட இடம் மாதிரி ஆகிவிட்டது.

அங்கே என்ன வைப்பது என்று அவள் யோசிக்கும்போதே நான் மஞ்சள் பொடியைக் குழைக்க ஆரம்பித்துவிட்டேன். மஞ்சள் பிள்ளையாரை லட்டு உயரத்துக்குப் பிடித்து, தலையில் அருகம்புல் வைத்து, நடுவில் உட்கார வைத்தேன். எங்கள் லட்டைத் தின்றவர் அவர்தானே, அவரே இடத்தை அடைக்கட்டும்.

பிள்ளை வீட்டார் குர்லாவில் வண்டி மாறி வந்து சேர்ந்தார்கள். கூடத்தில் ஜமக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். சுந்தரராமன் வெள்ளைச் சட்டையும் சரிகை வேஷ்டியுமாகத் தன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். கோட்டைப் பக்கம் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் கணக்குப் பிரிவில் வேலை. களையான முகம். ஷ்யாமளாவும் நானும் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றோம். கூப்பிடும்போதுதான் பெண் வெளியே வர வேண்டும்.

தட்டுகளை நான் கூடத்தில் பரப்பிவிட்டுத் திரும்பினேன். சுப்புலக்ஷ்மி அம்மாளின் கண் நேரே லட்டில்தான் விழுந்தது. உதடு அசைவதை நான் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சாமர்த்தியசாலி, ஒவ்வொன்றாக எண்ணவில்லை. வரிசை வரிசையாக எண்ணினாள்.

"முப்பத்தாறுன்னா இருக்கு?" என்றாள்.

மாமனாருக்கு வேர்த்துவிட்டது. புரோகிதத்துக்கு வந்திருந்த வாத்தியார்கூடப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

அப்போது சுந்தரராமன் முன்னால் குனிந்து தாம்பாளத்தைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "முப்பத்தேழும்மா!" என்றான். "பிள்ளையாரையும் சேர்த்து எண்ணு. நடுவுல ஒண்ணு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. முப்பத்தேழு."

"பிள்ளையார் எப்படிடா பக்ஷணக் கணக்கில் வருவார்?"

"எல்லாக் கணக்குலயும் முதல்ல அவர்தானே வரார்? இதுல மட்டும் வரப்படாதா?" என்றான் பட்டென்று. கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். சுப்புலக்ஷ்மி அம்மாளுக்கே சிரிப்பு வந்தது.

"இருந்தாலும் முப்பத்தேழுன்னு யாரும் வெச்சுக் கேட்டதில்லையேடா."

"ஐம்பத்தொண்ணைவிட ஒசத்தி இது. ஐம்பத்தொண்ணு மூணாப் பிரியும். இது எதாலயும் பிரியாது." தன் அப்பாவின் பக்கம் திரும்பினான். "அப்பா, ஒரு இலக்கம் சொல்லுங்கோ, ஒண்ணுலேர்ந்து ஒன்பதுக்குள்ள."

"ஏழு," என்றார் அவர்.

"அதை மூணு தடவை எழுதினா எழுநூத்தி எழுபத்தேழு. மூணு ஏழையும் கூட்டினா இருபத்தொண்ணு. எழுநூத்தி எழுபத்தேழை இருபத்தொண்ணால வகுங்கோ."

அவர் விரலால் ஜமக்காளத்தில் வகுத்தார். "முப்பத்தேழுடா!"

"எந்த இலக்கம் சொன்னாலும் முப்பத்தேழுதான் வரும்." அதோடு நிற்கவில்லை. நூற்றியெண்பத்தைந்து, எண்ணூற்றைம்பத்தொன்று, ஐந்நூற்றுப் பதினெட்டு என்று அந்தச் சுற்றுகிற வித்தையையும் சொன்னான். வாத்தியார் பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதிச் சரிபார்த்துவிட்டு, ஆஹா என்றார்.

கதவுக்குப் பின்னால் ஷ்யாமளா என் கையைப் பிடித்து இறுக்கினாள். "நான் சொன்னது மன்னி! ஒண்ணும் மறக்கலை!" என்று என் காதில் சொன்னாள். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. இவனைவிடப் பொருத்தமாக ஒருத்தன் இந்தப் பெண்ணுக்கு எங்கே கிடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அம்மாவுக்கு எதிரே இவ்வளவு தைரியமாகப் பேசுகிறானே!

"பிரியவே பிரியாதுன்னா நல்ல எண்தான்," என்று சுப்புலக்ஷ்மி அம்மாள் ஒப்புக்கொண்டாள். கெட்டவள் இல்லை அவள். அன்றைக்கும் அப்படி நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை. "சரி, வாத்தியார் லக்னப் பத்திரிகை எழுதலாம். வைகாசியில் முகூர்த்தம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் மனஸ்தாபம் வரப்படாது. பொண்ணு ஸ்கூல் வேலையைச் சித்திரையோட விட்டுடட்டும். செம்பூர்லேர்ந்து தினமும் ரயிலேறி மாதுங்கா வந்துண்டிருந்தா ஆத்துல யார் பார்க்கறது? நேக்கும் முழங்கால் முன்ன மாதிரி இல்லை."

மாமனார் சுந்தரராமனைப் பார்த்தார். கூடத்தில் மற்றவர்கள் அவனைப் பார்க்கவில்லை. மாமனாரும், கதவிடுக்கால் நாங்கள் இருவரும்தான் பார்த்தோம். ஜன்னலோரத்தில் அவன் சொன்னது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அவன் ஜமக்காளத்தின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதில் விழவில்லையோ என்று முதலில் நினைத்தேன். விழுந்திருந்தது, கழுத்து சிவந்திருந்தது. கொஞ்ச நேரம் முன்னால் வாய் ஓயாமல் பேசியவன், இப்போது அங்கவஸ்திரத்தின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தான்.

"அது… ஜூன்லேர்ந்து மெட்ரிக் வகுப்பு அவளுக்குத் தரதா…" என்று மாமனார் மெல்ல ஆரம்பித்தார். பாவம், அவரளவுக்கு அதுவே பெரிய வீரம்.

"மெட்ரிக் வகுப்புக்கு வேற ஆளா இல்லை?" என்றாள் சுப்புலக்ஷ்மி அம்மாள். "என்னடா ராமா, நான் சொல்றது சரிதானே?"

"அம்மா சொல்றதும்…" என்றான் அவன். அதற்கு மேல் வரவில்லை. ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. ஓங்கி ஓர் அறை விடலாமா என்று இருந்தது எனக்கு.

வாத்தியார் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பேனாவை மையில் தோய்த்தார்.

ஷ்யாமளா என் கையை விட்டாள். கூப்பிடாமலே கதவைத் தாண்டிக் கூடத்துக்குள் போய் நின்றாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

"அன்னிக்கு ஜன்னல்கிட்ட நான் சொன்னதை ஒரு இலக்கம் விடாம ஞாபகம் வெச்சிண்டிருக்கேள்," என்றாள் அவனிடம். வகுப்பில் கேள்வி கேட்பது போலத்தான் கேட்டாள். "நீங்க சொன்னது ஞாபகம் இருக்கா?"

அவன் தலையைத் தூக்கினான். ஞாபகம் இருக்கிறது என்று முகத்திலேயே எழுதியிருந்தது. கண் ஒரு தடவை அம்மா பக்கம் போய் வந்தது. அப்புறம் மறுபடி குனிந்துகொண்டான்.

"என்னடா சொன்னே இவகிட்ட?" என்றாள் சுப்புலக்ஷ்மி அம்மாள்.

அவன் மறுபடி அங்கவஸ்திரத்தின் நுனியை விரலில் சுற்றினான்.

ஷ்யாமளா காத்திருந்தாள். ஒருத்தன் வாயைத் திறப்பதற்கு எவ்வளவு நேரம் கொடுக்க முடியுமோ அவ்வளவு நேரம் கொடுத்தாள். பிறகு மாமனாரிடம், "பத்திரிகை எழுத வேண்டாம்ப்பா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அப்புறம் நடந்ததைச் சொல்ல என்ன இருக்கிறது? யாரும் சண்டை போடவில்லை. அவர்கள் எழுந்தார்கள், மாமனார் கைகூப்பினார், வாத்தியார் பேனாவைத் துடைத்து வைத்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று நான் சொன்னேன், இலை போட்டிருந்தது. சாப்பிடவில்லை. கட்டிடத்தில் எல்லாரும், லட்டு குறைந்ததால்தான் நின்றுபோயிற்று என்று பேசிக்கொண்டார்கள். பஞ்சு அதை நம்பி, என்னிடம் வந்து அழுதார். அப்படி இல்லை என்று அவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மாமனார் வழக்கம்போல ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் இந்தத் தடவை மகளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் சுந்தரராமன். தனியாக வந்திருந்தான். மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். ஷ்யாமளா உள்ளேயிருந்து வந்தாள்.

"அன்னிக்கு எனக்கு வாயே வரலை," என்றான். "நான் சொன்னது எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு. நீங்க ஸ்கூலுக்குப் போகத்தான் வேணும். அதுல மாற்றமே இல்லை. இதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அம்மாகிட்டச் சொல்லியாச்சா?"

கொஞ்சம் தயங்கினான். "இனிமேதான்."

"எங்கிட்ட நீங்க ஏற்கனவே சொல்லியாச்சே," என்றாள் ஷ்யாமளா. கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு மெதுவாக அவள் யாரிடமும் பேசி நான் கேட்டதில்லை. "அவாகிட்டச் சொல்லிட்டு வாங்கோ. என்னிக்கு வேணும்னாலும் வாங்கோ."

அவன் தலையாட்டினான். படியில் இறங்கி, திருப்பத்தில் ஒரு தடவை நின்று, அப்புறம் போய்விட்டான்.

"ஒரு வாய் காபிகூடக் கொடுக்காம அனுப்பிச்சுட்டியேடி," என்றேன்.

"சொல்லிட்டு வரட்டும் மன்னி. நானே போட்டுக் கொடுக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தலையைச் சாய்த்துவிட்டு எழுந்து வந்தால், ஷ்யாமளா மாம்பழக் கலர் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. எங்கும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஒவ்வொரு தடவையும் நான் காபிக்கு வைத்த பாலைச் சுண்டவிடாமல் அடுப்பைத் தணித்து வைத்தேன். கதவை யாரும் தட்டவில்லை.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும், வீட்டில் கட்டுகிற பழைய சீட்டிப் புடவையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றாள். பாலை எடுத்து உறை ஊற்றிவிடச் சொன்னாள். அப்புறம் பாயை விரித்துப் படுத்துச் சாயங்காலம் வரை தூங்கினாள்.